பழைய ஸ்பேஸ் ஷூட்டர் கோட பேலன்ஸ் பண்றது: எனிமி ஹெல்த்த தொடறதுக்கு முன்னாடி

கேள்வி சுருக்கமா இதான்: குடியாத்தத்துல இருந்து வந்து காட்பாடில ரூம் எடுத்து படிக்கிற தம்பி ஒருத்தரு கேட்டுருக்காரு. 2001 வாக்குல சி-ல எழுதுன, எஸ்டிஎல் 1.2 (படம், சத்தம், கீபோர்ட பாத்துக்கற லைப்ரரி) மேல ஓடுற ஓபன் சோர்ஸ் ஸ்பேஸ் ஷூட்டர் ஒண்ணு, மேல இருந்து எனிமி எறங்கும், கீழ நம்ம ஷிப்பு, ஒரு எனிமி தப்பிச்சு கீழ போயிட்டா ஒரு லைஃப் போச்சு. ரொம்ப வருஷமா யாரும் அத தொடல. புது உபுண்டுல கம்பைல் ஆகல, எப்படியோ ஆக்கி ஃப்ரெண்டோட 144 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 144 தடவை படம் மாத்தற) மானிட்டர்ல ஓட்டினா தலைதெறிக்க ஓடுது, ஆனா ஷீல்ட் எடுத்துட்டா மட்டும் சாகவே மாட்டேங்குது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இத பேலன்ஸ் பண்ணனும், எனிமி ஹெல்த்த ரெண்டு மடங்கு ஆக்கிடவான்னு கேட்டு கோடும் கொஞ்சம் போட்டுருக்காரு.

தம்பி, ஹெல்த்த இப்ப தொடாத. உன் பிரச்சனை நம்பர்ல இல்ல, டைம்ல. பழைய ஷூட்டர்ல கஷ்டம் ஈஸி எல்லாம் அந்த நம்பர் டேபிள்ல மட்டும் இருக்காது, பாதி லூப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கும், அதுலயும் கொஞ்சம் எழுதுனவனுக்கே தெரியாம வந்து சேந்ததா இருக்கும். இது இன்னிக்கு நேத்து கதை இல்ல, 1978ல ஜப்பான்காரரு நிஷிகாடோ பண்ண ஸ்பேஸ் இன்வேடர்ஸ்லயே 55 ஏலியன வரைய மெஷினுக்கு தெம்பு பத்தல, சுடச்சுட எண்ணிக்கை கொறைஞ்சு மிச்சம் இருக்கறது வேகமா நகர ஆரம்பிச்சுது, அந்த மனுஷன் அத பக் (கோடுல இருக்கற தப்பு)னு நெனச்சு தூக்காம அப்படியே விட்டாரு. இன்னிக்கு யாராச்சும் அத "சரி" பண்ணா அந்த கேம்ல ஒண்ணியும் மிச்சம் இருக்காது.

உன் கோடுல இருக்கற நம்பரயே எடுத்துக்கறேன். மொத எனிமிக்கு ஹெல்த் 400, உன் புல்லட் டேமேஜ் 20, அஞ்சு ஃப்ரேமுக்கு (ஸ்க்ரீன ஒரு தடவை வரையறது ஒரு ஃப்ரேம்) ஒரு புல்லட், ஆக 20 புல்லட், அதாவது 100 ஃப்ரேம் விடாம சுட்டா தான் அது சாவும். ஸ்க்ரீன் உயரம் 480, எனிமி ஒரு ஃப்ரேமுக்கு 3 பிக்சல் எறங்குது, ஆக 160 ஃப்ரேம் தான் அது கண்ணு முன்னாடி இருக்கும். இடைல 60 ஃப்ரேம் மிச்சம். இந்த 60 தான் உன் கேம். எனிமிய பாக்கறது, அதுக்கு நேரா ஷிப்ப கொண்டு போறது, எதிர்ல வர புல்லட்டுக்கு ஒதுங்கறது எல்லாமே இதுக்குள்ள நடந்தாகணும்.

இப்ப நீ ஹெல்த்த 800 ஆக்கினா கொல்ல 200 ஃப்ரேம் வேணும், இருக்கறது 160. முடிஞ்சுது, பவர்-அப் (ஆடறப்ப நடுவுல கெடைக்கற கூடுதல் பலம்) இல்லாம மொத எனிமியயே கொல்ல முடியாது, தப்பிக்கற எனிமி ஒவ்வொண்ணும் ஒரு லைஃப் தின்னும், அரை நிமிஷத்துல கேம் ஓவர். இது கஷ்டம் ஆக்கறது இல்ல, கணக்கு தப்பான கேம்.

144 ஹெர்ட்ஸ்ல இன்னா ஆச்சுன்னு இப்ப பாரு. எல்லாமே ஃப்ரேம்ல எண்றதால 160க்கு 100ங்கற விகிதம் மாறவே இல்ல. ஃப்ரேமோட சேந்து வேகம் கூடாதது மனுஷன். கண்ணுல பட்டு கை அசையறதுக்கு சாதாரணமா கால் செகண்ட் ஆவும். கேம் செகண்டுக்கு 50 ஃப்ரேம்ல (ஏன் 50னு கீழ சொல்றேன்) ஓடறப்ப அது 12 ஃப்ரேம் சொச்சம், மிச்சம் 48 ஃப்ரேம் உன் கைல இருக்கு. 144ல அதே கால் செகண்ட் 36 ஃப்ரேம தின்னுடுது, கைல 24 தான். அதான் தலைதெறிக்க ஓடற மாதிரி இருக்கு. ஆனா ஷீல்ட மட்டும் எழுதுனவரு மில்லி செகண்ட்ல வச்சுட்டாரு, 5000. ஐம்பதுல அது 250 ஃப்ரேமுக்கு காப்பாத்தும், 144ல 720 ஃப்ரேமுக்கு காப்பாத்தும். கிட்டத்தட்ட மூணு மடங்கு எனிமிய ஷீல்டோட தாண்டிடுவ. ஒரே கேம்ல ஒரு பக்கம் கஷ்டம் ஆகி இன்னொரு பக்கம் ஈஸி ஆனதுக்கு இதான் காரணம், ரெண்டு கடிகாரம் ஓடிகினு இருக்கு உள்ள. நான் பொழப்புக்கு பண்றது ராணிப்பேட்டை சிப்காட்ல பிஎல்சி (ஃபேக்டரி மெஷின ஓட்டற கம்ப்யூட்டர்) வேலை, அங்கயும் அச்சு அசலா இதே தொல்லை தான், டைமர் மில்லி செகண்ட்ல இருக்கும், கவுண்டர ஸ்கேனுக்கு (ப்ரோக்ராம் ஒரு சுத்து ஓடறது) ஒருக்கா ஏத்தற மாதிரி எவனாச்சும் எழுதி வச்சிருப்பான், ப்ரோக்ராம் பெருசாகி ஸ்கேன் டைம் மாறினதும் ரெண்டும் ஒத்துப்போகாது.

பழைய கோட் ஏன் மானிட்டர் வேகத்துல ஓடுதுன்னா, ஃப்ளிப் பண்ற (வரைஞ்சத ஸ்க்ரீனுக்கு மாத்தற) எடத்துல வீசிங்க்குக்காக, அதாவது மானிட்டர் அடுத்த படத்துக்கு ரெடியாகறதுக்காக, காத்துகினு நிக்கும், அது தான் அதுக்கு கடிகாரமே. 2001லயே சிஆர்டி மானிட்டர் 60ல ஒருத்தன் வச்சிருப்பான், 75ல ஒருத்தன், 85ல ஒருத்தன். அதனால "ஒரிஜினல் பேலன்ஸ்"னு எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு அன்னிக்கே கெடயாது. எழுதுனவரு எந்த வேகத்துல உக்காந்து ட்யூன் பண்ணாருன்னு கண்டுபிடிக்கறது தான் மொத வேலை. டிலே 20ன்னு (20 மில்லி செகண்ட் நிறுத்தறது, அதாவது செகண்டுக்கு 50 ஃப்ரேம்) எங்கயாச்சும் இருக்கா பாரு, ரீட்மீய முழுசா படி, டெமோ ரெக்கார்டிங் இருந்தா அதோட நீளத்த பாரு. நீ போட்ட கோடுல ரெண்டு எடத்துல 50ங்கற எண் தனியா தொங்குது, அதனால ஐம்பதுன்னு வச்சுக்கலாம்.

அடுத்து எல்லாரும் பண்ற வேல, வேகத்த எல்லாம் டெல்டா டைமால (போன ஃப்ரேமுக்கும் இதுக்கும் நடுவுல ஆன நேரம்) பெருக்கறது. பண்ணாத. காரணம் சொல்றேன். மூணு பிக்சல 60 ஹெர்ட்ஸுக்கு மாத்தினா 2.5, அந்த வேரியபிள் இன்ட்டா (முழு எண் மட்டும் வைக்கறது) இருந்தா 2ன்னு வெட்டிடும், செகண்டுக்கு 150 பிக்சல் போனது 120 ஆகி எனிமி அஞ்சுல ஒரு பங்கு ஸ்லோ ஆயிடும். ஷிப் வழுக்கி நிக்கறதுக்கு ஒவ்வொரு ஃப்ரேமும் வேகத்த 0.9ஆல பெருக்கற லைன் இருக்கு பாரு, அத டெல்டாவால பெருக்கினா தப்பு, 0.9ஓட பவர் எடுக்கணும். எனிமி சுடறதுக்கு "ரேண்டம் மாடுலோ 100 (நூறால வகுத்த மீதி) பூஜ்யமா"ன்னு இருக்கற எடத்துல ஐம்பது ஃப்ரேம்ல ரெண்டு செகண்டுக்கு ஒரு குண்டு வரும், 144ல அதே ரெண்டு செகண்டுல மூணு குண்டு வரும், அதுக்கும் வேற ஃபார்முலா. இதுக்கு மேல, மெஷின் ஸ்லோவாகி 20 ஃப்ரேமுக்கு எறங்கிட்டா புல்லட் ஒரே தாவுல எனிமிய தாண்டி போயிடும், படவே படாது. இப்படி நூறு எடத்த தேடி மாத்தி எதாச்சும் ஒண்ண விட்டுட்டு நாலு மாசம் கழிச்சு மண்டைய பிச்சுக்கறதுக்கு பதிலா, கேம் லாஜிக்க அப்படியே செகண்டுக்கு 50 டிக்ன்னு விட்டுடு (டிக்னா கேம் கணக்கு ஒரு தடவை ஓடறது). 20 மில்லி செகண்ட், முழு எண், அழகா உக்காரும். கடந்து போன நேரத்த ஒரு வேரியபிள்ல சேத்துகினே வா, 20 சேந்தா ஒரு டிக் ஓட்டு, மீதிய அடுத்த தடவைக்கு வை. வரையறது மட்டும் மானிட்டர் வேகத்துல, போன டிக்குக்கும் இந்த டிக்குக்கும் நடுவுல பொசிஷன கலந்து வரை. சேத்து வைக்கறதுக்கு ஒரு வரம்பு போடு, கால் செகண்ட் போதும், இல்லன்னா மெஷின் ஒரு தடவை திணறினா அந்த கடன அடைக்க அடைக்க இன்னும் திணறும். ஷீல்டயும் 250 டிக்னு மாத்திடு. அவ்ளோ தான், எழுதுனவரு வச்ச நம்பர் ஒண்ணு கூட மாறல, கேம் எல்லா மெஷின்லயும் ஒரே மாதிரி ஆயிடும்.

இது நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம், சிரிக்காத. மே மாசம் வேலூர்ல நாப்பது டிகிரிய தாண்டற மத்தியானம் ஏசி இல்லாத ரூம்ல பழைய லேப்டாப்ப மடில வச்சு ஓட்டினா ப்ராசஸர் சூடாகி தன்ன தானே மெதுவாக்கிக்கும், ஃப்ரேம் எறங்கும், ஃப்ரேம வச்சு ஓடற கேம் ஸ்லோ மோஷன்ல போவும், நீ "ஆஹா பேலன்ஸ் நல்லா வந்துடுச்சு"ன்னு நெனச்சுப்ப. ராத்திரி பத்து மணிக்கு அதே கேம் உன்ன அடிச்சு போட்டுடும். டிக்க பூட்டாம வெயில் காலத்துல பண்ண டெஸ்ட்ட நான் நம்பவே மாட்டேன்.

கம்பைல் ஆகாத விஷயம், இது வேகமா சொல்லிடறேன். மொதல்ல டெபியன்ல (உபுண்டுக்கு அடிப்படையா இருக்கற லினக்ஸ்) அந்த கேம் பேக்கேஜா இருக்கான்னு பாரு, இருந்தா அதோட சோர்ஸ் பேக்கேஜ்க்குள்ள பேட்சஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், உன் எர்ரர்ல பாதிக்கு யாரோ புண்ணியவான் ஏற்கனவே பேட்ச் (திருத்தம்) போட்டு வச்சிருப்பான். (பேக்கேஜ் தேடறப்ப ஒரு வேடிக்க, டெபியன்ல குரோமியம்ங்கற பேரு ரொம்ப காலம் ஒரு ஸ்பேஸ் ஷூட்டருக்கு தான் இருந்துச்சு, கூகுள் ப்ரௌசர் வந்தப்புறம் கேம் பேக்கேஜ் பேருக்கு பின்னால பிஎஸ்யூ ஒட்டி ப்ரௌசருக்கு எடம் விட்டுச்சு.) "மல்ட்டிபிள் டெஃபனிஷன்"னு லிங்கர் கத்துதுன்னா, ஹெடர் ஃபைல்லயே குளோபல் வேரியபிள வச்சிருக்காங்க, ஜிசிசிங்கற சி கம்பைலரோட 10வது வெர்ஷன்ல 2020ல அந்த சலுகைய எடுத்துட்டாங்க, எக்ஸ்டர்ன் போட்டு சரி பண்ணு. டிக்ளேர் பண்ணாத ஃபங்ஷன கூப்பிடறது 2024ல வந்த ஜிசிசி 14ல இருந்து வார்னிங் இல்ல, நேரா எர்ரர், அது நல்லதுக்கு தான், ஏன்னா பாயிண்டர் திருப்பி குடுக்கற ஃபங்ஷன டிக்ளேர் பண்ணாம விட்டா கம்பைலர் அத இன்ட்டுன்னு நெனச்சு 64 பிட் மெஷின்ல பாயிண்டர்ல பாதிய வெட்டி போட்டுடும். 2025ல வந்த ஜிசிசி 15ல பூல்ங்கறது (ஆமா, இல்ல ரெண்ட மட்டும் வைக்கற டைப்) மொழியோட சொந்த வார்த்தை ஆயிடுச்சு, பழைய ஆளுங்க தானா டைப்டெஃப் பண்ணி வச்ச பூல் எல்லாம் இப்ப சண்டை போடும். பழைய ஸ்டாண்டர்ட கம்பைலருக்கு சொல்லி தற்காலிகமா ஓட்டலாம், ஆனா அதயே நம்பி நிக்காத. எஸ்டிஎல் 1.2க்காக இப்பவே பயப்படாத, பழைய ப்ரோக்ராம எஸ்டிஎல் 2 மேல ஓட்டற ஒரு காம்பாட் லைப்ரரி இருக்கு, முழுசா போர்ட் பண்றத செம் லீவ்ல வச்சுக்கோ. அட்ரஸ் சானிடைசர (மெமரி தப்ப காட்டிக் குடுக்கற கம்பைலர் வசதி) மட்டும் மொத நாள்ல இருந்தே போட்டு ஓட்டு. ராஸ்பெர்ரி பைல ஓட்டி காட்டற ஐடியா இருந்தா கேரக்டர் டைப்புல மைனஸ் ஒண்ணு வச்சிருக்காங்களா பாரு, ஆர்ம்ல (பையோட ப்ராசஸர் வகை) ஓடற லினக்ஸ்ல வெறும் கேரக்டருக்கு மைனஸ் கெடயாது, இடது பக்கம் போக வேண்டிய எனிமி 255 வேகத்துல வலது பக்கம் பறக்கும்.

இப்ப நீ போட்ட எனிமி லூப்புக்கு வரேன், இதான் எனக்கு ரொம்ப புடிச்ச எடம். எண்றதுக்கு வச்ச ஐங்கற வேரியபிள் பூஜ்யத்துல இருந்து எனிமி கவுண்ட் வரைக்கும் போவுது. ஒரு எனிமி செத்துருந்தா, லிஸ்ட்ல கடைசில இருக்கறத தூக்கி அந்த குழில வச்சுட்டு கவுண்ட்ட ஒண்ணு கொறைக்குது. அப்புறம் லூப் ஐய ஒண்ணு ஏத்திகினு அடுத்ததுக்கு போயிடுது. குழிக்கு வந்த எனிமிக்கு அந்த ஃப்ரேம்ல அப்டேட்டே நடக்கல, நகராது, சுடாது. ஒரு ஃப்ரேம் தானேன்னு விட்டுடாத, ஏன்னா கீழ பாரு, இந்த வகை எனிமி எப்ப சுடுதுன்னா குளோபல் ஃப்ரேம் கவுண்ட்ட 40ஆல வகுத்து மீதி பூஜ்யம் வந்தா தான். சரியா அந்த ஃப்ரேம்ல பக்கத்துல இருந்தவன் செத்தா, இவன் முறை போச்சு, இனி 40 ஃப்ரேம் கழிச்சு தான் வாய தொறப்பான். ஆக, கூட்டமா வரப்ப நீ கொன்னுகினே இருந்தா எதிர்ல இருந்து வர குண்டு கொறையுது. விளையாடறவனுக்கு இது "நான் நல்லா ஆடறேன்"ங்கற ஃபீலிங்கா தெரியும். இந்த தப்ப சரி பண்ணா, ஒரு நம்பர் கூட மாத்தாம கேம் கஷ்டம் ஆயிடும்.

சரி பண்ணணுமா வேணாமான்னா, என் கருத்து சரி பண்ணணும். அடுத்து வரவன் யாராச்சும் லிஸ்ட்ட வேற மாதிரி எழுதினா தன்னால போயிடற விஷயத்த நம்பி பேலன்ஸ் வைக்கக்கூடாது. ஆனா தனி கமிட்டா (கோடுல ஒரு மாத்தத்த பதிஞ்சு வைக்கறது) பண்ணு, கமிட் மெசேஜ்லயே "இதால எனிமி குண்டு கூடும்"னு எழுது, எவ்ளோ கூடுதுன்னு அளந்து அதுக்கு தகுந்த மாதிரி 40ங்கறத 42, 43ன்னு கொஞ்சம் தள்ளறத இன்னொரு கமிட்ல பண்ணு. கம்பைல் ஃபிக்ஸ், பக் ஃபிக்ஸ், பேலன்ஸ் மூணையும் ஒரே கமிட்ல கொழப்பி வச்சா பைசெக்ட் போட்டு (கமிட்ட பாதி பாதியா பிரிச்சு) தேடினாலும் எது கேம கெடுத்ததுன்னு தெரியாது.

அளக்கறதுக்கு இன்னா வழின்னு கேப்ப. ரீப்ளே. டிக் பூட்டியாச்சுன்னா, ஒவ்வொரு டிக்லயும் எந்த கீ அழுத்தியிருந்துச்சுன்னு மட்டும் ஒரு ஃபைல்ல எழுது, ரேண்டம் எங்க இருந்து ஆரம்பிச்சுதுங்கற சீட் எண்ணையும் எழுது, திரும்ப ஓட்டினா அதே கேம் அப்படியே வரணும். வராது, மொத தடவ வராது. சிஸ்டம் ரேண்டம நம்பினா விண்டோஸ்ல மைக்ரோசாஃப்ட் லைப்ரரி 32767 வரைக்கும் தான் குடுக்கும், லினக்ஸ்ல ஜிலிப்சி 214 கோடி சொச்சம் வரைக்கும் குடுக்கும், அதனால எக்ஸ்ஓர்ஷிஃப்ட் மாதிரி நாலு லைன் ஜெனரேட்டர் ஒண்ண நீயே உள்ள வச்சுக்கோ. அதுலயும் ரெண்டு தனி ஓட்டம் வேணும், கேமுக்கு ஒண்ணு, வெடிப்பு பொறி மாதிரி அலங்காரத்துக்கு ஒண்ணு. ஒண்ணா வச்சா, நீ ஒரு வெடிப்புக்கு பத்து பொறி கூட சேத்ததுக்கு அடுத்த எனிமி வர எடமே மாறிப்போவும். இது ரெடியானதும் எந்த பழைய லைன தொட்டாலும் ரீப்ளேய ஓட்டு, ஸ்கோரும் செத்த டிக்கும் அப்படியே வந்தா நீ பண்ணது வெறும் சுத்தம் பண்ற வேல, மாறினா நீ பேலன்ஸ தொட்டுட்டன்னு அர்த்தம்.

இதுக்கப்புறம் தான் நம்பர மாத்தற கதை. எல்லா நம்பரையும் கோடுல இருந்து பிடுங்கி ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல போடு, கம்பைல் பண்ணாம மாத்தலாம், பழைய நம்பர "கிளாசிக்"னு அப்படியே வச்சுக்கலாம், பழைய ஆளுங்க ஹைஸ்கோர் போச்சேன்னு திட்ட மாட்டாங்க. எனிமி ஒவ்வொண்ணுக்கும் ரெண்டே எண்ணு எழுது, கொல்ல எத்தன டிக், கண்ணுல எத்தன டிக். ஒரே நேரத்துல எத்தன வருதுன்னு பாத்து கொல்ற டிக்க கூட்டு. இந்த மொத எனிமி ரெண்டு பக்கத்து பக்கத்துல வந்தா 200 டிக் வேணும், இருக்கறது 160, ஒண்ணு கண்டிப்பா தப்பிக்கும். லெவல் ரெண்டுல நீ "ஏன்னே தெரியல, செத்துடறேன்"னு எழுதுன எடம் அது தான். அங்க ஹெல்த்த மாத்தாத, ரெண்டாவதுக்கு முன்னாடி அம்பது அறுவது டிக் இடைவெளி விடு, இல்லன்னா அந்த எடத்துக்கு முன்னாடி ஒரு பவர்-அப்ப போடு.

இன்னொண்ணு, நம்பர விட பெரிய ஆயுதம் ஹிட்பாக்ஸ், அதாவது மோதுச்சான்னு பாக்கற கட்டம். உன் ஷிப் படம் 32க்கு 32, கோடுல மோதலும் அதே கட்டம், மூலைல இருக்கற காலி எடத்துல குண்டு பட்டா கூட சாவற. ரெண்டு குண்டுக்கு நடுவுல 40 பிக்சல் சந்து இருந்தா உனக்கு ஒதுங்க 8 பிக்சல் தான். மோதற கட்டத்த 20க்கு 20 ஆக்கு, அதே சந்துல 20 பிக்சல் கெடைக்கும், ரெண்டரை மடங்கு. ஒரு டேமேஜ் நம்பரும் மாத்தல, ஆனா விளையாடறவன் "அநியாயமா செத்தேன்"னு சொல்றது பாதியா கொறையும்.

செத்ததும் எல்லா பவர்-அப்பும் புடுங்கறத மட்டும் மாத்திடு, இது என் சொந்த எரிச்சல். கொனாமியோட கிரேடியஸ் 1985ல இருந்து அதுக்கு பேரு வாங்குன விஷயம், ஒருக்கா செத்தா வெறுங்கையோட அதே கூட்டத்துக்கு நடுவுல நிப்ப, திரும்ப சாவ, திரும்ப சாவ. ஒரு லெவல் கன் மட்டும் கொறைச்சா போதும்.

டெஸ்ட்டுக்கு உன் ரூம்மேட்டுங்கள நம்பாத. ஆம்பூர் பிரியாணி பார்சல் வாங்கிக் குடுத்து உக்கார வச்சா எவனும் நல்லா இல்லன்னு சொல்ல மாட்டான். வாய கேக்காத, ஃபைல கேளு, எந்த லெவல், எந்த டிக், எந்த எனிமி குண்டுல செத்தான்னு ஒரு லைன் எழுத வை. பொங்கல் லீவ்ல ஊருக்கு போறப்ப தெருப்பசங்க, ஷூட்டரே ஆடாத அக்கா தங்கச்சி, எல்லாரையும் ஆட விடு, பக்கத்துல நின்னு சொல்லிக் குடுக்காத. எல்லாரும் ஒரே டிக்ல சாவறாங்கன்னா அங்க கணக்கு தப்பு, ஆளுக்கு ஒரு எடத்துல சாவறாங்கன்னா விட்டுடு, கேம் சரியா தான் இருக்கு. அரசு குடுத்த பழைய லேப்டாப் யாராச்சும் வீட்ல கெடக்கும், அதுலயும் ஒருக்கா ஓட்டு, 50 டிக் அதுல நிக்குதான்னு தெரியணும்.

கடைசியா லைசன்ஸ். கோடு ஜிபிஎல் வெர்ஷன் 2ன்னு போட்டுருக்கு, உன் மாத்தத்தையும் அதே லைசன்ஸ்ல சோர்ஸோட குடு, எழுதுனவரு பேர எங்கயும் அழிக்காத. ஆனா டேட்டா ஃபோல்டர்ல இருக்கற படத்துக்கும் சவுண்டுக்கும் தனியா எதாச்சும் எழுதியிருக்கான்னு பாரு, பழைய கேம்ல பாதி எடத்துல சவுண்டு எங்க இருந்து வந்துச்சுன்னே இருக்காது. அப்படி இருந்தா மெயின்டைனருக்கு (கோட கடைசியா பாத்துகினு இருந்தவரு) ஒரு மெயில் போட்டு கேளு, பதில் வரலன்னா அத மட்டும் தூக்கிட்டு நீயே பண்ணிக்கோ, ஷிப் ஒண்ணு, எனிமி மூணு, வெடிப்பு ஒண்ணு, ரெண்டு சத்தம், ரிவ்யூக்கு அது போதும். லூப் ஃபிக்ஸ கமிட் பண்ணிட்டு ரீப்ளே ஃபைலோட போடு, 40ஐ எவ்ளோ தள்ளணும்னு சேந்து பாக்கலாம்.